காந்த நனோ துகள் போட்டு ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய்க் கலம் தெரிந்துவிடுமா?

செல்வி_வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. காந்த நனோ துகளை ஊசியாகப் போட்டு எம்.ஆர்.ஐ எடுத்தால், உடம்பில் எந்த மூலையில் ஒரே ஒரு புற்றுநோய்க் கலம் இருந்தாலும் தெரிந்துவிடுமாம். பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) தேவையே இல்லையாம். அதற்கு மேல், பயாப்ஸி ஊசி நோயைப் பரப்பிவிடும் என்றும் போட்டிருக்கிறார்கள்.

என் சின்னம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. மமோகிராம் பார்த்த டொக்டர் பயாப்ஸி செய்யச் சொல்லிவிட்டார். சின்னம்மா இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு "அந்த ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று பார், அதுவரை ஊசி வேண்டாம்" என்கிறார். பொய்ச் செய்தி என்று ஒரு வரியில் சொன்னால் அவர் கேட்கமாட்டார், அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். விளக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

ரிஸ்மி_தெமட்டகொடை எழுதியது:

தங்கச்சி, முதலில் சின்னம்மாவைப் பயாப்ஸிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தை இங்கே ஆறுதலாகக் கதைக்கலாம்.

ஸ்கேன்_அறை எழுதியது:

செல்வி, நான் கொழும்பில் எம்.ஆர்.ஐ பிரிவில் ரேடியோகிராபர். அந்தச் செய்தியில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

காந்த நனோ துகள் புதிதாக வந்த ஒன்றல்ல. 1996 இலேயே அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் அனுமதி வாங்கிய மருந்து இருந்தது. உள்ளே இரும்பு ஒட்சைட்டு, மேலே டெக்ஸ்ட்ரான் பூச்சு. நாளத்தில் ஏற்றினால் ஈரலில் இருக்கும் குப்ஃபர் கலங்கள் அதை விழுங்கிவிடும். இரத்தத்தில் வருகிற அந்நியப் பொருளை விழுங்குவதுதான் அவற்றின் வேலை. இரும்பு சேர்ந்த இடத்தில் எம்.ஆர்.ஐ சமிக்ஞை விழுந்துவிடும், படத்தில் அந்த இடம் கறுக்கும். ஆகவே நல்ல ஈரல் முழுவதும் கறுத்துப் போகும். புற்றுக் கட்டிக்குள் குப்ஃபர் கலங்கள் அநேகமாக இருக்காது. அங்கே இரும்பு சேராது, கட்டி வெளிறியபடியே நிற்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். துகள் புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. ஆரோக்கியமான ஈரலுக்குள் போனது, போகாமல் விட்ட இடத்தை வைத்துக் கட்டியைக் கண்டார்கள். உங்கள் குழுவில் வந்த செய்தி சொல்வதற்கு இது நேர்மாறு.

2008 இல் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், சிலருக்கு ஏற்றும்போது முதுகு வலிக்கும். அதற்குள் ஈரலுக்கென்றே கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த எம்.ஆர்.ஐ மருந்துகள் வந்துவிட்டன, வாங்குவோர் குறைந்தார்கள். ஜப்பானில் ரெசோவிஸ்ட் என்ற இதே வகை மருந்து பிறகும் பாவனையில் இருந்தது.

பம்பலப்பிட்டி_பௌதிகம் எழுதியது:

சின்னம்மா விஞ்ஞான ஆசிரியர் என்பதால் கொஞ்சம் பௌதிகமும் சேர்க்கிறேன்.

மக்னடைட் என்ற இரும்பு ஒட்சைட்டை எடுத்து ஏறக்குறைய 20 நனோமீற்றருக்கும் கீழே சிறிதாக்கினால் அதன் நடத்தை மாறிவிடும். ஒவ்வொரு துகளும் ஒரே ஒரு காந்த ஆட்சியாக, அதாவது முழுவதும் ஒரே திசையில் காந்தமான ஒரு பகுதியாக இருக்கும். அறை வெப்பநிலையின் சக்தியே அந்தக் காந்தத் திசையை இடைவிடாமல் புரட்டிக்கொண்டிருக்கப் போதுமானது. வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே திசையில் பலமாகத் திரும்பும், புலத்தை எடுத்தால் மொத்தக் காந்தம் பூச்சியம். இந்தக் குணம் இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றை ஒன்று இழுத்து நாளத்துக்குள் திரண்டு அடைத்துவிடும். மருந்தாக ஏற்ற முடிவதே இதனால்தான்.

எம்.ஆர்.ஐ பார்ப்பது நீரில் உள்ள ஐதரசன் கருக்களை. பக்கத்தில் இரும்புத் துகள் இருந்தால் அவ்விடத்துக் காந்தப்புலம் குழம்பும், கருக்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுழல்வது சீக்கிரம் குலையும், சமிக்ஞை அழியும். துகளைவிடப் பல மடங்கு பெரிய பரப்பில் இந்தக் குழப்பம் பரவுவதால் சிறிய அளவு இரும்பும் தெரிகிறது. ஆனால் பழைய இரத்தக்கசிவு, வாயு, சுண்ணாம்புப் படிவு இவையும் எம்.ஆர்.ஐயில் கறுப்பாக வரும். கறுப்பைக் கண்டவுடன் இரும்பு என்று சொல்லிவிட முடியாது.

"ஒரே ஒரு கலம்" என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆய்வுகூடத்தில் தனிக் கலத்தை எம்.ஆர்.ஐயில் கண்டிருக்கிறார்கள், அது உண்மை. அந்தக் கலத்துக்கு உடம்புக்கு வெளியே வைத்தே இரும்பை நிறைய ஊட்டி, அதன்பின் எலிக்குள் செலுத்தி, மூளையில் ஒரு புள்ளியாகப் பார்த்தார்கள். ஒருவருடைய உடம்பில் தானாக வளர்ந்த புற்றுநோய்க் கலத்துக்கு யாரும் முன்கூட்டி இரும்பு ஊட்டி வைத்திருப்பதில்லை. ஒரு சென்ரிமீற்றர் கட்டியில் பத்துக் கோடிக்கு மேல் கலங்கள் இருக்கும், அந்த அளவில்தான் சாதாரண ஸ்கேன்கள் வேலை செய்கின்றன.

செல்வி_வெள்ளவத்தை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு கேள்வி. துகளின் மேல் பிறபொருளெதிரி (குறித்த ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டும் பொருள்) ஒட்டி, புற்றுநோய்க் கலத்தோடு மட்டும் சேரும்படி அனுப்பலாம் என்று அந்தச் செய்தியில் இருக்கிறது. அது முடியாதா?

பம்பலப்பிட்டி_பௌதிகம் எழுதியது:

ஒட்டலாம். ஹேர்2 புரதம் அதிகமாக உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு அப்படிச் செய்திருக்கிறார்கள். சிக்கல் வழியில் இருக்கிறது. ஈரலும் மண்ணீரலும் நனோ துகளைக் கண்டவுடன் வடித்துவிடும். விலங்குகளில் செய்த பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் டொரொண்டோ குழு ஒன்று கணக்குப் பார்த்தது. ஏற்றிய நனோ துகளில் கட்டிவரை போய்ச் சேர்ந்தது நடுப்பெறுமானமாக 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை.

இதைச் சமாளிக்கத்தான் வேறு விதமான கருவிகளை யோசிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது காந்தத் தளர்வை அளக்கும் முறை. சின்னதாக ஒரு காந்தப்புலம் கொடுத்து நிறுத்துவார்கள். இரத்தத்தில் மிதக்கிற துகள் உடல்பூர்வமாகவே உருண்டு சட்டென்று தன் காந்தத்தை இழந்துவிடும். கலத்தில் ஒட்டிக்கொண்ட துகளால் உருள முடியாது, உள்ளே இருக்கும் காந்தத் திசை மட்டும் மெதுவாகத் திரும்பும், அதற்கு நேரம் எடுக்கும். ஸ்குவிட் என்ற மிக நுண்ணிய உணரியை வைத்து அந்த மெதுவான தளர்வை மட்டும் அளந்தால், ஒட்டிய துகள் தெரியும், மிதக்கிற துகள் தெரியாது. எம்.ஆர்.ஐயில் வருகிற கறுப்புக் குழப்பம் இதில் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எட்வர்ட் ஃபிளின் இதில் பல வருடம் உழைத்தார், மனிதரில் முதல் கட்டச் சோதனை அவுஸ்திரேலியாவில் நடந்தது.

இன்னொன்று காந்தத் துகள் படமெடுப்பு. ஹம்பர்க்கில் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் கிளைக், வைட்சனெக்கர் என்ற இருவர் 2005 இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். துகளிலிருந்தே நேரடியாகச் சமிக்ஞை எடுக்கும் முறை. எலிகளில் அருமையாக வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியில் போய் எடுக்கிற ஸ்கேனாக அது இன்னும் வரவில்லை.

பயிற்சி_வைத்தியர் எழுதியது:

சத்திரசிகிச்சையில் பட்டப்பின் பயிற்சி செய்கிறேன். பயாப்ஸி பயம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயத்தால் தாமதமாக வருகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஊசி போன பாதையில் கலங்கள் சிதறலாம் என்ற பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. விதைப்பையில் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் அந்த வழியாக ஊசி குத்துவதில்லை, மேலே தொடைமடிப்பு வழியாக முழுதாகவே எடுத்துவிடுவோம். ஈரல் புற்றுநோயில் பல நேரம் ஸ்கேன் படமே போதும் என்று முடிவெடுப்போம். மார்பகத்தில் நிலைமை வேறு. அங்கே ஊசிப் பாதையால் நோய் பரவுவது மிகவும் அரிது, அதற்குப் பிறகு வருகிற சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் அந்தப் பகுதியையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், பயாப்ஸி சொல்லும் விஷயத்தை எந்த ஸ்கேனும் சொல்லாது. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஓமோன் வாங்கிகள் இருக்கின்றனவா, ஹேர்2 கூடியதா, கலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன, இவை எல்லாம் சதைத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் தெரியும். முதலில் கீமோவா, முதலில் ஒபரேஷனா, மாத்திரை ஐந்து வருடமா என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் தங்கியிருக்கிறது. நாளைக்கே உலகத்தின் மிகச் சிறந்த காந்த ஸ்கேன் கொழும்புக்கு வந்தாலும் உங்கள் சின்னம்மாவுக்கு அந்த ஊசி தேவைப்படும்.

செல்வி_வெள்ளவத்தை எழுதியது:

டொக்டர், இதைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விதைப்பை பற்றிச் சொன்ன இடத்தில் "அப்போ சில இடத்தில் உண்மைதானே" என்று கேட்டார். அடுத்ததை வாசித்ததும், மாத்திரையா கீமோவா என்பது சதையைப் பார்த்தால்தான் தெரியும் என்றால் சரி என்றார். திகதி எடுத்தாயிற்று. நீங்கள் எல்லாரும் தொடர்ந்து எழுதுங்கள், இப்போது அவரே ஒவ்வொரு பதிலும் வாசிக்கிறார்.

ரிஸ்மி_தெமட்டகொடை எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். அதுதான் முக்கியம்.

இனி நான் கொஞ்சம் காரமாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஸ்குவிட், ஹம்பர்க், நேச்சர் எல்லாம் சரி. இந்த நாட்டு ஆண்களுக்கு முதலில் வருகிறது வாய்ப்புற்றுநோய். காரணம் வெற்றிலையோடு போடுகிற பாக்கும் புகையிலையும். பாக்கு மட்டும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்துவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் கண்ணுக்கே தெரியும். என் வாப்பாவின் நண்பர் ஒருவர் வாயில் ஆறாத புண்ணோடு மாதக்கணக்காகத் திரிந்தார். நாரஹேன்பிட்டியில் முற்கூட்டியே கண்டறியும் நிலையம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. 35 வயதில் பெண்களை அழைக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கு நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் போகிறார்கள்? கண்ணுக்குத் தெரிகிற நோயையே நேரத்துக்குப் பிடிக்காமல் ஒரு கலத்தைத் தேடுகிற பேச்சு எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

மகரகம_138 எழுதியது:

ரிஸ்மி தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் என் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சுகமானது. ஒபரேஷனில் கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பிறகு அறிக்கை வந்தபோது அவற்றில் ஒன்றில்கூட நோய் இல்லை. எடுத்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, உயிரைக் காப்பாற்றியவர்கள். ஆனால் அந்தக் கை வீங்கிவிட்டது. தேங்காய் துருவ முடியாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் இறுகும். இரவில் அந்தக் கையைத் தலையணையில் உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறேன். எடுக்கத் தேவையில்லாத கணுக்களை எடுக்காமல் விட இந்தக் காந்தத் துகள் உதவுமா? அப்படியென்றால் அது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஒரு கலத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு வேண்டாம். எந்தக் கணுவைத் தொட வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

பயிற்சி_வைத்தியர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதுதான் இந்தத் துறையில் இன்று உண்மையிலேயே கைக்கு வந்திருக்கிற பலன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மார்பிலிருந்து வடிகிற நிணநீர் கமக்கட்டில் முதலில் ஒன்றிரண்டு கணுக்களுக்குத்தான் போகும். கோட்டையிலிருந்து கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ புறப்படுகிற ரயில் மருதானையைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பது மாதிரி. அந்த முதல் கணுவில் புற்றுநோய் இல்லை என்றால் அதற்கு அப்பால் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே அதை மட்டும் எடுத்துப் பரிசோதித்து, சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விடலாம். இத்தாலியின் மிலானில் வெரொனேசி குழு 516 பெண்களில் இதைச் சோதித்து 2003 இல் வெளியிட்டது. கணு சுத்தமானவர்களுக்கு மிச்சத்தை விட்டுவிடுவதில் ஆபத்து இல்லை, கை வலியும் வீக்கமும் குறைவு.

அந்த முதல் கணுவை எப்படிக் கண்டுபிடிப்பது? வழமையாக டெக்னீசியம் 99எம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளையும் நீலச் சாயத்தையும் மார்பில் ஏற்றுவார்கள். டெக்னீசியத்தின் அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம். அது பிறக்கிற மொலிப்தினம் 99 இன் அரை ஆயுட்காலம் 66 மணித்தியாலம். சேமித்து வைக்கவே முடியாது. உலகத்திலேயே ஒரு சில அணு உலைகளில்தான் செய்கிறார்கள், அங்கிருந்து விமானத்தில் வர வேண்டும். 2009 மே மாதம் கனடாவின் சோக் ரிவர் உலை பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் நின்றபோது பணக்கார நாடுகளிலேயே தட்டுப்பாடு. அணு மருத்துவப் பிரிவு இல்லாத ஆஸ்பத்திரியில் இந்த முறைக்கு வழியே இல்லை. நீலச் சாயத்தை மட்டும் நம்பித்தான் பல நாடுகளில் செய்கிறார்கள்.

இந்த இடத்துக்குத்தான் இரும்புத் துகள் வருகிறது. மேக்ட்ரேஸ் என்று பெயர், இங்கிலாந்தின் எண்டோமேக்னெட்டிக்ஸ் செய்தது. அமெரிக்காவில் 2018 இல் அனுமதி கிடைத்தது. மார்பில் ஏற்றினால் நிணநீரோடு போய் முதல் கணுவில் தங்கும். சென்டிமேக் என்ற கைக் கருவியைக் கமக்கட்டில் வைத்துத் தேடினால், இரும்பு உள்ள இடத்தில் ஒலி ஏறும். வெட்டிப் பார்த்தால் கணு கபிலமாகவோ கறுப்பாகவோ இருக்கும், கண்ணுக்கும் தெரியும். பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் 160 பேரில் இரண்டு முறையையும் ஒப்பிட்டபோது, பழைய முறை 95.0 சதவீதத்திலும் காந்த முறை 94.4 சதவீதத்திலும் கணுவைக் கண்டுபிடித்தன. ஏறக்குறைய சமம்.

பெரிய வசதி என்னவென்றால் மருந்து சிதையாது. அலமாரியில் இருக்கும். ஒபரேஷனுக்கு 20 நிமிடத்துக்கு முன்பும் ஏற்றலாம், சில நாட்களுக்கு முன்பே கிளினிக்கில் ஏற்றிவிட்டும் அனுப்பலாம். விமானம் தாமதம், திங்கட்கிழமை போயா, இவற்றால் பட்டியல் குழம்பாது.

குறைகளும் உண்டு. கருவியை வைத்துத் தேடும்போது பக்கத்தில் இரும்பு ஆயுதம் எதுவும் இருக்கக் கூடாது, பிளாஸ்ரிக் கொளுக்கிகள் வேண்டும். ஏற்றிய இடத்துத் தோலில் கபில நிறம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். பிறகு அந்த மார்பில் எம்.ஆர்.ஐ எடுத்தால் இரும்பு இருக்கும் இடத்தில் படம் மறைந்துவிடும்.

ரிஸ்மி_தெமட்டகொடை எழுதியது:

அம்மா, உங்கள் கை பற்றி வாசித்துக் கஷ்டமாகிவிட்டது. அல்லாஹ் இலேசாக்கட்டும். அணு உலையும் விமானமும் வேண்டாம், அலமாரியில் வைத்து அநுராதபுரத்திலும் மட்டக்களப்பிலும் செய்யலாம் என்றால் இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கருவியும் மருந்தும் இறக்குமதிதானே, விலையை யார் பேசி வாங்குவது என்பதுதான் இனிக் கேள்வி. வாய்ப் பரிசோதனை பற்றிச் சொன்னதில் நான் அப்படியே நிற்கிறேன்.

மகரகம_138 எழுதியது:

நன்றி டொக்டர். வெட்டாமலே, கணுவுக்குள் நோய் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க முடியாதா?

ஸ்கேன்_அறை எழுதியது:

முடியும் அம்மா, அதில் ஒரு சோகமான கதையும் இருக்கிறது.

2003 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. புரொஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 ஆண்கள், ஃபெரும்ஒக்ஸ்ட்ரான் என்ற மிகச் சிறிய இரும்புத் துகள். நாளத்தில் ஏற்றி ஒரு நாள் விட்டால், நல்ல கணுவில் உள்ள விழுங்கிக் கலங்கள் இரும்பை எடுத்துக் கணு கறுக்கும். புற்றுநோய் புகுந்த பகுதி கறுக்காது. ஈரலில் பார்த்த அதே நியாயம். நோய் இருந்த கணுக்களில் வழமையான எம்.ஆர்.ஐ 35.4 சதவீதத்தைத்தான் பிடித்தது, துகளோடு எடுத்தது 90.5 சதவீதத்தைப் பிடித்தது. நோய் இருந்த கணுக்களில் பத்துக்கு ஏழு, அளவை வைத்துப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டாத கணுக்கள்.

இவ்வளவு நல்ல முடிவு வந்தும் அது கடைக்கு வரவில்லை. 2005 இல் அமெரிக்க ஆலோசனைக் குழு பரிந்துரைக்கவில்லை, 2007 இல் ஐரோப்பாவில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். நெதர்லாந்தின் நைமேகனில் பேராசிரியர் பாரென்ட்ஸ் விடாமல் பிடித்துக்கொண்டு மறுபடி உயிர் கொடுத்தார். ஃபெரோட்ரான் என்ற பெயரில் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. என் வேலையில் 8 மில்லிமீற்றர் கணு ஒன்றைப் பார்த்து "அளவு சாதாரணம்" என்று அறிக்கை போவதைக் காணும்போதெல்லாம் அந்த 35.4 ஞாபகம் வருகிறது.

ஆமர்வீதி எழுதியது:

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரத்தம் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் இப்போது "இரத்தத்தில் புற்றுநோய்க் கலம் தேடும் பரிசோதனை" என்று ஆரோக்கியமானவர்களுக்கே பொதி போட்டு விற்கிற விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன.

காந்தத் துகள் மிகவும் நேர்த்தியாக வேலை செய்கிற இடம் பரிசோதனைக் குழாய்தான். அங்கே ஈரலும் இல்லை மண்ணீரலும் இல்லை. செல்சேர்ச் என்ற முறையில் 7.5 மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். எப்கேம் என்ற புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி பூசிய இரும்புத் துகளை அதில் கலப்பார்கள். கட்டியிலிருந்து கழன்று வந்த கலங்கள் அதில் ஒட்டும், காந்தத்தை வைத்தால் அவை பக்கச் சுவருக்கு வந்துவிடும். பிறகு சாயமிட்டு, வெண்குழியம் அல்ல என்று உறுதிசெய்து எண்ணுவார்கள். கோடிக்கணக்கான இரத்தக் கலங்களுக்கு நடுவில் ஐந்து கலத்தை எண்ணுவது எவ்வளவு பெரிய சாதனை என்று ஆய்வுகூடத்தில் வேலை செய்தவனுக்குத் தெரியும். அமெரிக்காவில் 2004 இல் அனுமதித்தார்கள்.

எதற்கு அனுமதித்தார்கள் என்பதுதான் முக்கியம். ஏற்கனவே பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, ஐந்து அல்லது அதற்கு மேல் கலங்கள் இருந்தால் நோய் கடுமையாகப் போகும் என்று கணிப்பதற்கு. நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அல்ல. ஆரம்ப நிலை நோயாளர் பலருக்கு அந்தக் குழாயில் ஒன்றும் வராது. "பூச்சியம்" என்ற அறிக்கையைப் பார்த்து மார்பில் உள்ள கட்டியை மறந்துவிடுகிறவர் உயிரோடு விளையாடுகிறார். கலங்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதற்காகச் சீக்கிரமே கீமோவை மாற்றிப் பார்த்த பெரிய ஆய்வு 2014 இல் வந்தது, மாற்றியதால் நோயாளர் அதிக நாள் வாழவில்லை. காசு கொடுக்கும் முன் இந்த வரலாற்றைச் சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி_பௌதிகம் எழுதியது:

ஐயா, அருமையான பதிவு. ரிஸ்மி நானா இறக்குமதி பற்றிக் கேட்டதற்கு ஒன்று. துகளைச் செய்வது கஷ்டம் இல்லை. இரும்பின் இரண்டு வகை உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து அமோனியா சேர்த்தால் கறுப்பாக வீழ்படிவாகும், பிரான்சின் மசார் 1981 இல் வெளியிட்ட முறை. இங்கே எந்தப் பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்திலும் செய்யலாம். 2008 இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவகமே ஹோமாகமவில் இருக்கிறது. புல்மோட்டை மணலில் இரும்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள், மூலப்பொருள் இதில் ஒரு பொருட்டே இல்லை. எல்லாத் துகளும் ஒரே அளவில் வர வேண்டும், ஒவ்வொரு தொகுதியும் முந்தையதோடு ஒத்துப்போக வேண்டும், கிருமியும் கிருமி நச்சும் இல்லாமல் மனித நாளத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும், பிறகு வருடக்கணக்கில் சோதனை. காசும் பொறுமையும் போவது அங்கேதான். குழாயில் வைத்துச் செய்கிற பரிசோதனைக்கான துகளில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமை இல்லை. நம் மாணவர்கள் முதலில் இறங்க வேண்டியது அதில் என்பது என் எண்ணம்.

குருநாகல்_அப்பா எழுதியது:

கொழும்பில் வேலை, வீடு குருநாகலில். என் மகனுக்கு தலசீமியா, இரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் இரும்பு கூடிவிட்டது, அதைக் குறைக்க மருந்து எடுக்கிறான். இப்படிப்பட்டவர்களுக்கு இந்த இரும்புத் துகளை ஏற்றலாமா?

பயிற்சி_வைத்தியர் எழுதியது:

கணு தேடுகிற மேக்ட்ரேஸ், இரும்பு மிகைநோய் உள்ளவர்களுக்கு இல்லை. இரும்பு ஒட்சைட்டோ டெக்ஸ்ட்ரானோ ஒவ்வாதவர்களுக்கும், நெஞ்சிலோ கமக்கட்டிலோ உலோகம் பொருத்தியவர்களுக்கும் இல்லை. மற்றதை ஸ்கேன் அக்கா சொல்வார்.

ஸ்கேன்_அறை எழுதியது:

ஐயா, உங்கள் மகனின் ஈரல் ஏற்கனவே எம்.ஆர்.ஐயில் கறுப்பாகத்தான் இருக்கும். தலசீமியா பிள்ளைகளின் ஈரலிலும் இதயத்திலும் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று நாங்கள் அளப்பதே அந்தக் கறுப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்துத்தான். இதயத்தில் அந்த அளவீடு 20 மில்லிசெக்கனுக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஈரலில் இன்னும் இரும்பைப் போட்டுக் கட்டி தேடினால் எதுவும் தெரியாது, உடம்புக்கும் சுமை.

இரும்பு குறைந்தவர்களுக்கு நாளத்தில் ஏற்றுகிற ஃபெருமொக்சிடோல் என்ற மருந்தையும் சொல்ல வேண்டும். அதுவும் காந்த நனோ துகள்தான். 2009 இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்கு அனுமதித்தார்கள். கடோலினியம் ஏற்ற முடியாத சிறுநீரக நோயாளருக்கு இதையே ஸ்கேன் மருந்தாகவும் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். 2015 இல் கடுமையான ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டதால் மெதுவாக ஏற்றி, பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். ஏற்றி மூன்று மாதம்வரை எம்.ஆர்.ஐ படத்தை அது மாற்றிவிடலாம். வெளிநாட்டில் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை ஸ்கேன் அறையில் சொல்வதே இல்லை.

உங்கள் மகனுக்கு எப்போதாவது ஈரல் ஸ்கேன் எழுதினால், படிவத்தில் தலசீமியா என்பதையும் கடைசியாக எடுத்த ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவையும் டொக்டரைக் கொண்டு எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்தால் நாங்கள் படமெடுக்கும் முறையையே மாற்றி வைப்போம்.